தேன்கல் நிலையத்துக் கூரைகள்

செப்டம்பர் 6, சனி

கூரைகள் எல்லாம் என் பொறுப்பு என்று இன்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவன் நானல்ல. "கூரையெல்லாம் நம்ம சபேசன் சார் பாத்துக்குவாருங்" என்று நாச்சிமுத்து சொன்னபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். விழுங்கிவிட்டு மறுப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். நாச்சிமுத்து கோவையில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையின் மாடியில், பொம்மை அளவில் மாதிரி ரயில்கள் செய்யும் எங்கள் சங்கம் நடக்கிறது. அங்கே ஒரு பெரிய மேசையின் மேல், அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், தேன்கல் என்ற ரயில் நிலையம் ஆறு மாதமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஒரு சிறிய மலைப்பாதையில் இருந்த நிலையம் அது. பாதையைப் பிடுங்கி அறுபது வருடமாகிறது. இடம் இப்போது காடு. மிஞ்சியிருப்பது நாச்சிமுத்துவின் தாய்மாமன் எடுத்த ஒரே ஒரு பழைய ஸ்லைடு ஃபிலிம். அதைக் கடையில் கொடுத்துப் பெரிய படமாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கட்டுகிறோம். அக்டோபர் 12 அன்று கண்காட்சி தொடங்குகிறது. அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களை எங்கெங்கோ தேடிப் பிடித்து அழைத்திருக்கிறார்.

நிலையம், சரக்குக் கொட்டகை, இன்ஜின் கொட்டகை, குடியிருப்பு வரிசை. எல்லாம் தகரக் கூரை. புதுத் தகரமாக விட்டால் பொம்மை வீடு போலிருக்கும். வெயிலும் மழையும் பல வருடம் பட்டது போலச் சாயம் வெளுத்து, துருவேறி இருக்க வேண்டும். சங்கத்தில் இதை 'வயசாக்கறது' என்பார்கள். வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது கைவரும் என்று நம்புகிறார்கள். ஒரு மழையைக்கூட நான் உறுதியாகச் சொன்னதில்லை என்பது இவர்களுக்குத் தெரியாது. 'ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும்' என்றே எழுதி வேலைக்காலம் முழுவதையும் முடித்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

தகரத்தின் நெளிவுக்குப் பேன் சீப்பு. பல முறைகளை யோசித்து இதற்கு வந்தேன். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைச் சீப்பின் மேல் வைத்து, தீக்குச்சியால் பல்லுக்குப் பல் அழுத்தினால், அளவு ஏறக்குறைய சரியாக வருகிறது.

ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டில் அதைவிடக் கூச்சம். என் தங்கை சிவகாமி, கணவர் காலமான பிறகு என்னோடுதான் இருக்கிறாள். பையை அவள்தான் பிரித்தாள்.

"யாருக்குண்ணா பேன்?"

"கூரைக்கு."

"அதானே. உன் தலையில அதுங்க எதைப் பிடிச்சுத் தொங்கும்!"

சாயங்காலம் வரை நினைத்து நினைத்துச் சிரித்தாள். அவள் சிரித்தது நல்லதுதான். அந்தக் கலகலப்பில் கல் உப்பு டப்பாவையும் நான் மேலே எடுத்து வந்ததைக் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

முதல் கூரை கெட்டுவிட்டது. முறை இதுதான்: தாளில் முதலில் துருநிறம் பூச வேண்டும். ஈரமாக இருக்கும்போதே உப்பைப் பொடித்துத் தூவ வேண்டும். அதன் மேல் காவிச் சிவப்பு. காய்ந்த பிறகு உப்பைத் தேய்த்து எடுத்தால், சிவப்புச் சாயம் அங்கங்கே உரிந்து அடியிலுள்ள துரு தெரியும். படித்தபோது எளிதாக இருந்தது. நான் உப்பை ஒரே சீராகத் தூவியிருக்கிறேன். துரு அப்படி வரிசையில் நின்று பிடிக்காது என்பது தூவியபோது தோன்றவில்லை.

சங்கத்துக்கு எடுத்துப்போய்ப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஜெயசீலி அவர்கள் பார்த்துவிட்டார்கள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள்.

"சார், இது துரு இல்லை. தட்டம்மை."

"ஆமாங்க. தப்பாத்தான் போச்சு."

"பயப்படாதீங்க. வேப்பிலை கட்டி ஒரு வாரம் தனியா வெச்சா தானா எறங்கிரும்."

அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். கம்பியிலும் களிமண்ணிலும் நகத்தளவு மனிதர்களைச் செய்கிறார்: கூடைக்காரி, போர்ட்டர், மூக்குச் சிந்தும் குழந்தை. அவரை எல்லோரும் சிஸ்டர் என்று அழைக்கிறார்கள். நான் எந்தப் பெயராலும் அழைப்பதில்லை. அவராக என் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து பேசுகிறேன்.

அவரும் அழைக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்தான். அவருடைய அப்பா தேன்கல்லில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். ஏழாம் எண் குடியிருப்பில் பத்து வயது வரை வளர்ந்திருக்கிறார். நாச்சிமுத்து அவரைத் தேடிப்போய் அழைத்தபோது, கண்காட்சி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று சங்கத்திலேயே சேர்ந்துவிட்டார். மேசையை முதன்முதலில் பார்த்த அன்று, "எல்லாம் இருக்கு. ஆனா நான் மட்டும் இங்க இருந்ததே இல்லாத மாதிரி இருக்கு" என்றாராம். நாச்சிமுத்து அதை ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 17, புதன்

மழை. சாயம் காயவில்லை. நீலச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 20, சனி

சரக்குக் கொட்டகையின் கூரை நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உப்பை இம்முறை கண்ணை மூடிக்கொண்டு தூவினேன். ஆணி வரிசைக்குக் கீழே மட்டும் தேயிலைச் சாற்றை மெல்லிய தூரிகையால் இழுத்துவிட்டேன். நிஜத் தகரத்தில் ஆணித் துளையிலிருந்துதான் துரு ஒழுகும். நாச்சிமுத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங், இதத் தொட்டா டெட்டனஸ் ஊசி போடோணுமாட்ட இருக்குதுங்" என்றார். வீட்டுக்குத் திரும்பும் வரை பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது ஏழாம் எண் குடியிருப்பு. கூரையின் எந்தச் சரிவில் அதிகம் துரு வைப்பது என்று தெரிய வேண்டும். கிழக்குச் சரிவு ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அது கிழக்கிலிருந்து வந்து அறையும். ஆகவே கிழக்குப் பார்த்த சரிவுதான் முதலில் துருப்பிடிக்கும். இதில் எனக்கு ஓரளவு நிச்சயம் உண்டு. ஆனாலும் அந்த வீட்டிலேயே இருந்தவரைக் கேட்பது முறை என்று கேட்டேன்.

"அடுப்படிப் பக்கம் சார்" என்றார் உடனே. "ஐப்பசி மழை அந்தப் பக்கந்தான் அடிக்கும். ஒழுகற எடத்துல அம்மா அண்டாவ வெச்சிருவாங்க. காலையில வெயில் அடுப்படி ஜன்னல் வழியா வந்து அண்டாத் தண்ணியில விழும். கூரைக்கடியில வெளிச்சம் ஆடிட்டே இருக்கும். நான் எந்திரிக்காமப் படுத்துப் பாத்துட்டிருப்பேன்."

மழையும் காலை வெயிலும் ஒரே பக்கம். அடுப்படி கிழக்கே இருந்திருக்கிறது. கணக்குச் சரியாக இருக்கிறதே என்று மேசையைப் பார்த்தேன். சரியாக இல்லை. மலையேறும் திசை வடக்கு என்று மேசை ஓரத்தில் நாச்சிமுத்து அம்பு போட்டிருக்கிறார். அதன்படி குடியிருப்புகள் தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கின்றன. ஏழாம் எண் வீட்டின் முகப்பு தண்டவாளத்தைப் பார்த்துக் கிழக்கே இருக்கிறது. அடுப்படி மேற்கே இருக்கிறது.

நான் அம்பைப் பார்ப்பதை நாச்சிமுத்து பார்த்துவிட்டார். "சிஸ்டர், அது சாயங்கால வெயிலா இருக்குமுங். சின்னப் புள்ளைல காலை எது, சாயங்காலம் எதுன்னு என்ன நெனப்பிருக்கப் போகுது?" என்றார். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை.

"காலையிலதானே..." என்று ஜெயசீலி அவர்கள் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்தச் சின்ன வீட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 24, புதன்

சங்கத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஜெயசீலி அவர்களும் நானும் சேர்ந்து நடந்தோம். இது எழுத வேண்டிய விஷயமா தெரியவில்லை. அவர் சொன்னதை எழுதத்தான் வேண்டும்.

"சார், பள்ளிக்கூடத்துக்குத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவேன். வெயில் முதுகுல சுடும். இப்ப நாச்சிமுத்து சார் சொல்றபடி பாத்தா அது மூஞ்சியிலல்ல அடிச்சிருக்கணும்?"

"ஆமாங்க. அந்த அம்புப்படி பார்த்தா."

"அப்ப எனக்குத்தான் பிசகியிருக்கு." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "எங்கம்மாவுக்குக் கடைசியில எல்லாம் மறந்து போச்சு. என் பேரு கூட. ஆனா மொதல்ல போனது திசைதான். வீட்டுக்குள்ளயே குளியலறை எந்தப் பக்கம்னு கேப்பாங்க. எனக்கும் ஆரம்பிச்சிருச்சு போல."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அறுபது வருடத்துக்கு முந்தைய வெயில் யாருக்கும் குழம்பக்கூடியதுதான் என்று சொல்ல நினைத்தேன். அது ஆறுதலா, இல்லை அவருக்குக் குழம்பிவிட்டது என்று நானும் உறுதிசெய்வதா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 27, சனி

அவர் வரவில்லை. மிச்சமுள்ள களிமண் மனிதர்களை ஆயுத பூஜையன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சங்கத்திலிருந்து நின்றுகொள்வதாகப் போனில் சொன்னாராம். "வேற எதாச்சும் சோலி இருக்குமுங்" என்றார் நாச்சிமுத்து.

ஏழாம் எண் கூரையை முடித்தேன். அம்பின்படி அடுப்படிச் சரிவு மேற்கே இருக்கிறது. அங்கே மழை அவ்வளவாக அடித்திருக்க முடியாது. நான் துரு முழுவதையும் அடுப்படிச் சரிவில்தான் வைத்திருக்கிறேன். இரும்புத் தேய்ப்பானை வினிகரில் ஊறவைத்து எடுத்த நிஜத் துரு. அரைத்துத் தூளாக்கி, சாயம் பூசாத வெறும் தாளிலேயே பஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றினேன். ஏன் அந்தப் பக்கம் வைத்தேன் என்று யாராவது கேட்டால் என்னிடம் அறிவியல் விளக்கம் எதுவும் இல்லை. அவர் அப்படிச் சொன்னார் என்பது மட்டும்தான்.

நான் இதுவரை செய்தவற்றில் இதுதான் நல்ல கூரை. அதில் எனக்கே சந்தேகமில்லாதது வியப்பாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

கீழே பட்டறையில் எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டு, பொரிகடலை கொடுத்து முடித்த பிறகு மேலே வந்தோம். மாதிரி ரயிலுக்கும் பூஜை உண்டு. வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். எங்கள் இன்ஜின் உள்ளங்கையளவு. சென்ற வருடம் சுண்டைக்காய் வைத்து இன்ஜின் தடம் புரண்டு கவிழ்ந்ததால், இந்த வருடம் பச்சை மிளகு. இன்ஜின் அதன் மேல் ஏறி இறங்கியதும் எல்லோரும் ஆரவாரம் செய்தோம். நாச்சிமுத்து சந்தனக் கிண்ணத்தோடு கூரைகளை நோக்கி வந்தார். சந்தனம் அந்தத் தூளில் பட்டால் அதோடு முடிந்தது.

"கூரைக்கு வேணாங்க. கூரை போட்டவருக்கு வைங்க" என்று யாரோ சொன்னார்கள். ஜெயசீலி அவர்கள். வாசலில் ஒரு அட்டைப் பெட்டியோடு நின்றிருந்தார். நாச்சிமுத்து என் நெற்றியில் அப்பினார். மூக்கில் வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும்.

அதற்கு முன்பு நடந்ததை விட்டுவிட்டேன். காலையில் எல்லாவற்றையும் துடைக்கும் வேலையில் எனக்குக் கிடைத்தது சுவரில் இருக்கும் பெரிய படம். இறக்கி வைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். இத்தனை மாதமும் நாங்கள் அந்தப் படத்தில் கட்டடங்களையும் இன்ஜினையும் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். துடைக்கும்போது நடைமேடையில் நிற்கும் மனிதர்கள் கண்ணில் பட்டார்கள். மூன்று பெண்கள். மூவருக்கும் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஆட்களைப் பார்த்தேன். சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது. ஒருவர் கைக்கடிகாரம் பார்க்கிறார். அதுவும் வலது கையில்.

கடைக்காரர் ஸ்லைடைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார். பெயர்ப்பலகை படத்துக்குள் வரவில்லை. இன்ஜினின் எண்ணை நீராவி மறைத்துவிட்டது. ஓர் எழுத்து தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். படம் இடவலமாக மாறியிருக்கிறது. அதைப் பார்த்துக் கட்டிய தேன்கல்லும் இடவலமாக மாறியிருக்கிறது. குடியிருப்புகள் நிஜத்தில் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்திருக்கின்றன. அடுப்படியும் கிழக்கேதான்.

அவருக்கு எதுவும் மறக்கவில்லை.

இது தெரிந்த பிறகும் நாள் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. நாச்சிமுத்து எல்லோருக்கும் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார். ஆறு மாத உழைப்பு, எங்கெங்கோ அலைந்து இரவல் வாங்கிச் சேர்த்த மரத்தூளும் கம்பியும், பதினொரு நாளில் கண்காட்சி. பூஜை நாளில் போய் உங்கள் ஊரே இடவலம் மாறிக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஜெயசீலி அவர்கள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 2, வியாழன்

சிவகாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மாவுக்குப் போன் பண்ணி, உங்க மேல தப்பில்லைன்னு சொல்லிர வேண்டியதுதானே?"

"அப்படி ரகசியமாச் சொன்னா, அவங்க எல்லார் முன்னாலயும் தப்பு சொன்னவங்களாவே இருப்பாங்க. இல்லைன்னா அவங்களே போய் நாச்சிமுத்துகிட்ட சண்டை போடற மாதிரி ஆயிரும். சங்கத்துலதான் சொல்லணும்."

"சரி, சங்கத்துல சொல்லு."

"சேலை கட்டுறதுல வலது தோள் வழக்கமும் உண்டு. குஜராத்திக்காரங்களா இருந்தா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "மூணு பொண்ணு பாத்துட்டு வந்து, மூணு தடவையும் யோசிச்சுச் சொல்றேன்னே. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு பேருக்கும் பேரனே பொறந்தாச்சு. இந்தம்மாவையும் குஜராத்துக்கு அனுப்பிராதே."

நான் எதற்காகப் பேசினேன், இவள் எதற்காகப் பேசுகிறாள் என்று புரியவில்லை. இரண்டும் வேறு விஷயம்.

அக்டோபர் 4, சனி

சொல்லிவிட்டேன்.

நான் திட்டமிட்டபடி அல்ல. எழுதிவைத்துக்கொண்டு போன தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கூரைகளையெல்லாம் இடத்தில் பொருத்தினோம். ஜெயசீலி அவர்களையும் வரவழைத்திருந்தார்கள், அவருடைய மனிதர்களை அவரே நிறுத்த வேண்டும் என்று. நாச்சிமுத்து ஏழாம் எண் கூரையைக் கையிலெடுத்துப் பார்த்தார். அம்பைப் பார்த்தார்.

"ஏனுங் சார், மழை கெழக்கயிருந்து அடிக்கும்னு நீங்கதானுங் வகுப்பெடுத்தீங்க? இதுல துரு மேக்க இருக்குது? ஆபீசருக்கே திசை தெரியலீன்னா நாங்க எங்க போறதுங்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் ஜெயசீலி அவர்கள் பேசிவிட்டார்.

"சார் மேல தப்பில்லைங்க. நான்தான் அடுப்படிப் பக்கம்னு சொன்னேன். எனக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்லை. துருவை அந்தப் பக்கம் மாத்தி வெக்கச் சொல்லிருங்க."

மிகச் சாதாரணமாகச் சொன்னார். தன் வீட்டின் காலை வெயிலை எடுத்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, இது வேண்டாம் என்று தள்ளுவது போல.

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "ஜெயசீலி சொன்னதுதான் சரி. ஒரு அணுவும் பிசகில்லை. படம்தான் திரும்பியிருக்கு."

யாருக்கும் புரியவில்லை. படத்தின் அருகே போய் முந்தானைகளைக் காட்டினேன். சட்டைப் பையைக் காட்டினேன். என் சட்டைப் பையையும் தொட்டுக் காட்டினேன். கடிகாரத்தையும் காட்டினேன். நாச்சிமுத்து கீழே போய் பீரோவிலிருந்து அசல் ஸ்லைடைக் கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். மறுபடி திருப்பினார். இன்ஜின் கொட்டகை மேசையில் வலப்பக்கம் இருக்கிறது. அவர் விரலிடுக்கில் அது இடப்பக்கம் இருந்தது. முந்தானைகள் இடது தோளுக்குப் போயிருந்தன.

"ஆறு மாசம்" என்றார். ஸ்லைடைச் சட்டைப் பையில் போட்டார். மேசையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். "எல்லாரும் போயிட்டு வாங்" என்று இறங்கிப் போய்விட்டார்.

ஜெயசீலி அவர்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"காலை வெயில்தானே சார்?" என்றார்.

"காலை வெயில்தான்."

அவர் முகத்தில் வந்ததை விவரிக்க எனக்குத் திறமை போதாது. அறையில் விளக்கில்லை, ஆனால் நன்றாகத் தெரிந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

நாச்சிமுத்து போனை எடுக்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல், மூன்று கூரைகளில் பிசகே இல்லாத இடங்களையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் போன். பின்னணியில் ரேடியோ பாட்டு.

"சபேசன் சார், நான் சலூன்ல உக்காந்திருக்கறனுங். மூஞ்சில பாதி சோப்பு. கேளுங். எதுத்தாப்ல கண்ணாடி. எனக்குப் பின்னால செவுத்துல காலண்டர். கண்ணாடில பாத்தா எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுது."

"ஆமாங்க. அப்படித்தான் தெரியும்."

"அப்பத் திரும்பினதப் பாத்தா?"

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"நேராத் தெரியும்" என்றேன்.

"நேராத் தெரியுமல்லோ!" என்று அவர் கத்தினார். "ஏப்பா கத்தி கத்தி" என்று பக்கத்தில் சவரக்காரர் அலறுவதும் கேட்டது. "ஊரத் திருப்ப முடியாதுங். பாக்கறவங்களத் திருப்பிருவோம். மேசைக்கு முன்னால பெஞ்சைப் போட்டு, சனத்த மேசைக்கு முதுகு காட்டி உக்கார வெக்கறோம். எதுத்த செவுத்துல பெரிய கண்ணாடி. சாச்சு மாட்டோணும். அவங்க தலைக்கு மேல தேன்கல் நேரா, அசலாட்டம் தெரியும். எப்படீங்?"

பிரமாதம் என்றேன். உடனே ஒரு சந்தேகமும் சொன்னேன்: பெயர்ப்பலகைகள் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியுமே.

"அதத் திருப்பி எழுதத்தான் நீங்க இருக்கறீங்கல்லோ" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "அன்னிக்கு வெளக்க அணைச்சுட்டுப் போனனுங். மனசுல வெச்சுக்காதீங். நீங்க சொல்லலீன்னா, வர்ற பெருசுக எல்லாம் நம்ம மேசையப் பாத்துட்டு, தங்களுக்குத்தான் புத்தி மாறிப்போச்சுன்னு நெனச்சுட்டுப் போயிருக்கும்" என்றார்.

அக்டோபர் 8, புதன்

'தேன்கல்' என்பதை இடவலம் மாற்றி எழுதுவது கடினம். தே-யின் கொம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஜெயசீலி அவர்களுக்கு. அவர் செய்த பெண்கள் எல்லோருக்கும் முந்தானை இடது தோளில் சரியாக இருக்கிறது. கண்ணாடியில் அது வலதுக்குப் போய்விடும். இருபதுக்கு மேற்பட்ட பெண்களின் முந்தானையைச் சுரண்டி எடுத்து வலது தோளில் புதிதாகப் போடுகிறார்.

"நாப்பது வருஷம் ஆஸ்பத்திரில எத்தனையோ ஆபரேஷன் பாத்திருக்கேன். தோள் மாத்துன ஆபரேஷன் இதுதான் முதல்" என்றார்.

ஒரே விளக்கின் கீழ் எதிரெதிராக உட்கார்ந்து வேலை செய்தோம். ஒருமுறை, என் தூரிகை வேண்டும் என்று கையை நீட்டினார். எது என்று சொல்லாமல். நானும் எது என்று கேட்காமல் சரியான தூரிகையைக் கொடுத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கண்ணாடி வந்துவிட்டது. சலூன்காரர் தன் பழைய கடையிலிருந்த பெரிய கண்ணாடியைக் கொடுத்து, தானும் மூன்று பேருமாகத் தூக்கி வந்தார். மூலையில் இன்னும் ஒரு பவுடர் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. மேலே சாய்த்து மாட்டியதில் ஒரு விளைவு நான் எதிர்பாராதது: கண்ணாடியில் ஊர் மேலிருந்து பார்ப்பது போலத் தெரிகிறது. அதாவது, முதலில் தெரிவது கூரைகள்தான். பெரும்பாலும் தெரிவதும் கூரைகள்தான்.

பஞ்சையும் துருத்தூளையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பயத்தில்தான். ஆனால் சந்தோஷமான பயம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கண்காட்சியின் முதல் நாள் முடிந்து இப்போதுதான் வந்தேன். சிவகாமியும் வந்திருந்தாள். பட்டறை வாசல் வரை செருப்புகள்.

தேன்கல் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தன. மேசைக்கு முதுகு காட்டி உட்காருங்கள் என்றதும் முதலில் முணுமுணுத்தார்கள். "ஏம்ப்பா, கட்டிங் சேவிங்கா?" என்று ஒரு முதியவர் கேட்டார். நாச்சிமுத்து விளக்கைப் போட்டார். கண்ணாடியில் தேன்கல் எழுந்தது. துருப்பிடித்து, வெளுத்து, மழை ஓய்ந்த காலை போல. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தக் கொட்டகை, இந்தத் தண்ணீர்த் தொட்டி, அங்கேதான் கரியைத் திருடினோம், அந்தத் திருப்பத்தில்தான் ஆடு செத்தது. கட்டிங் சேவிங் கேட்ட முதியவர் எழுந்து நின்று, சரக்குக் கொட்டகையைக் காட்டி, "டேய், அந்த ஓட்டைத் தகரத்த இன்னும் மாத்தலையா!" என்று யாரையோ திட்டினார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நாச்சிமுத்து கையைப் பிடித்து இழுத்துவந்து, "கூரையெல்லாம் இவருதானுங்" என்றார். எவ்வளவு பேர் கை குலுக்கினார்கள் என்று தெரியாது. சிவகாமி யாரென்று தெரியாத ஒரு அம்மாளிடம், "எங்கண்ணன்தான்" என்று சொல்வது கேட்டது.

கூட்டம் தேநீருக்குப் போன பிறகு ஜெயசீலி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை உட்காரவே இல்லை. எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சுக்குப் பின்னால், மேசையோரம் நின்றிருந்தேன். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம். ஊருக்குப் பக்கத்தில் மலை போல நான், அடிவாரத்தில் அவர்.

"சார், எங்க வீடு" என்றார்.

"ஆமாங்க."

"தொட்டுப் பாக்கலாமா?"

கையைக் கண்ணாடியை நோக்கி நீட்டினார். எட்டவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பி மேசையைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்லை, இங்க பாத்தா மாறிருது. நான் கண்ணாடியையே பாத்துக்கறேன்." கண்ணாடியைப் பார்த்தபடியே கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் கொண்டுவந்தார். கண்ணாடியைப் பார்த்துக் கையை நகர்த்தினால் திசை தப்பும். கை நிலையத்துப் பக்கம் போயிற்று. இழுத்தால் இன்ஜின் கொட்டகைக்குப் போயிற்று. எந்த நிமிடமும் சிக்னல் கம்பத்தைச் சாய்க்கப் போகிறது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அனுமதி கேட்டேனா என்று நினைவில்லை. இடம் கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று சொல்லாமல் நகர்த்தி, ஆள்காட்டி விரலை ஏழாம் எண் குடியிருப்பின் அடுப்படிச் சரிவில் வைத்தேன். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் தகரத்தின் நெளிவுகள் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது.

"இந்த எடத்துலதான் ஒழுகும்" என்றார்.

"நீங்க சொன்ன எடம்தானே, ஜெயசீலி."

கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். விரல் நுனி முழுவதும் துருத்தூள். "ஐயையோ, கெடுத்துட்டேனே சார்! நாளைக்கும் ஆளுங்க வர்றாங்களே, திருத்திரலாமா?"

கூரையில் ஒரு விரலகலத்துக்குத் துரு போய்விட்டது. அடியிலிருந்த புதுத் தகரம் அந்த இடத்தில் மட்டும் விளக்கில் பளபளத்தது. பஞ்சும் தூளும் என் பையில் இருந்தன. ஒற்றி எடுத்தால் ஒரு நிமிட வேலை.

வேண்டாம் என்றேன். நாளைக்குக் காலையில் நீங்களும் வாங்க, இரண்டு பேரும் சேர்ந்தே வரலாம், நான் உங்க பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன் என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.